ஹவுஸ் ஓனருக்குக் காகித மாலை

பிள்ளைகளை ஒரு பகல் முழுக்க போனும் டிவியும் இல்லாமல் வைத்துக் காட்டுகிறேன் என்று மனைவியிடம் சவால் விடாத அப்பாக்கள் பாக்கியசாலிகள். அவர்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிப் போகிறார்கள். நான் சவால் விட்டவன். அதன் பலனாக, கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருந்த ஒரு மனிதருக்காக எங்கள் தெருவே கூடி உட்கார்ந்து கண் கலங்கியது.

நடந்தது சரவணம்பட்டியில், நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில். ஹவுஸ் ஓனர் வெங்கிடுசாமி ஐயா ஒரு காலத்தில் சின்னதாக ஒரு நூல் மில் நடத்தியவர். மில் ஓடிய நாளில் அவரே குடியிருந்த வீடு இது. பிறகு மில்லை விற்றுவிட்டுத் தோட்டத்து வீட்டுக்குப் போய்விட்டார். போய் எத்தனையோ வருடம் ஆகியும் தெருவுக்கு இது இன்னும் ‘முதலாளி ஊடு’தான். மாதாமாதம் வாடகை கொடுப்பதைத் தவிர எனக்கும் அந்தப் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. (கூரியர் கொண்டுவருகிறவர்கூட ‘முதலாளி ஊட்ல குடியிருக்கறவரு நீங்கதானுங்களா’ என்றுதான் கேட்பார். எனக்கென்று ஒரு பெயர் பார்சல் மேலேயே எழுதியிருக்கும்.)

அது கார்த்திகை மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐயா எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அமெரிக்காவில் இருந்த அவருடைய மகன் குடும்பத்தோடு திரும்பி வரப்போகிறான் என்று பேச்சு. அவனுக்கு இந்த வீடு வேண்டியிருக்குமா, நாங்கள் காலி செய்ய வேண்டுமா என்பதை நேரில் வந்து சொல்கிறேன் என்று ஐயா போனில் சொல்லியிருந்தார். நேரில் வந்து சொல்கிறேன் என்றாலே நல்ல செய்தி இல்லை என்று என் மனைவி சுமதி முடிவு கட்டிவிட்டாள். மகள் யாழினியின் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரத்தில் இருந்தது. சுமதி வேலை பார்க்கும் கல்லூரி அடுத்த பஸ் ஸ்டாப்பில். அதையெல்லாம்விட, அந்த வீடு எங்களுக்குப் பிடித்துப் போயிருந்தது. ஒரு வாரமாக சுமதி சரியாகத் தூங்கவில்லை. நானும்தான் தூங்கவில்லை. ஆனால் நான் குறட்டை விட்டபடி தூங்காமல் இருந்ததால் அவள் அதை நம்பவில்லை.

அன்றைக்குப் பார்த்து அவளுக்குத் தவிர்க்க முடியாத ஒரு வளைகாப்பு. கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, ஆடிட்டர் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

“ஏனுங்க, வீட்டை எல்லாம் கூட்டித் தொடச்சு வெச்சுட்டேன். நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாமுங்க. சும்மா இருந்தீங்கன்னாப் போதும்.”

“யாழினி?”

“போனைக் குடுத்துராதீங்க. அவரு வர்றப்ப அது போனும் கையுமா உக்காந்துட்டிருந்தா நல்லாவா இருக்கும்?”

அப்போதுதான் அந்தச் சவாலை விட்டேன். போன் இல்லாமல், டிவி இல்லாமல், யாழினியை மட்டுமல்ல, தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சேர்த்து வைத்துக்கொண்டு, பழைய வாழ்த்து அட்டைகளில் அலங்காரம் செய்து, ஐயா வரும்போது கேட்டிலேயே அசந்து போகும்படி செய்கிறேன் என்றேன். சுமதி என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கண்டுகொள்வதில்லை.

வாழ்த்து அட்டைகள் சுமதியுடையவை. தாராபுரத்தில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் தோழிகள் அனுப்பிய பொங்கல் வாழ்த்துகள், ஒரு பிஸ்கட் டப்பா நிறைய. பானை பொங்கும், கரும்பு சாய்ந்து நிற்கும், கொம்பில் வர்ணம் பூசிய காளை சிரிக்கும். அலமாரியில் சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவளே சொல்லியிருந்தாள். டப்பாவின் அடியில் ரப்பர் பேண்டு போட்டுத் தனியாக ஒரு கட்டு இருந்தது. அவை வெங்கிடுசாமி ஐயா வருடா வருடம் அனுப்பும் புத்தாண்டு வாழ்த்துகள். மில்லை விற்ற பிறகும் அவர் அட்டை அச்சடிப்பதை விடவில்லை. வெள்ளைச் சட்டையோடு, லேசாகச் சிரித்தபடி, நீள்வட்டத்துக்குள் அவருடைய படம். சுற்றிலும் தங்க நிற பார்டர். நாங்கள் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்ததற்குக் காரணம் பாசம் அல்ல. வாடகைக்குக் குடியிருந்துகொண்டு ஹவுஸ் ஓனர் முகத்தைக் குப்பைத் தொட்டியில் போட எந்தக் குடும்பத்துக்குத் தைரியம் வரும்?

பக்கத்து வீட்டு விஜயா அக்காவுக்கு முந்தின நாள்தான் பேரனின் காதுகுத்து நடந்திருந்தது. அவர்கள் போட்ட சாமியானா எங்கள் கேட் வரைக்கும் நீண்டிருந்தது. நான் பிள்ளைகளைச் சேர்ப்பதைப் பார்த்துவிட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

“வாடகைச் சேரெல்லாம் அப்படியே கெடக்குதுங்க தம்பி. நாளைக்குத்தான் எடுக்க வருவாங்க. வேணும்னாப் போட்டுக்கோங்க.”

போட்டுக்கொண்டேன். சாமியானாவின் கீழ், கேட்டைப் பார்த்தபடி, வகுப்பறைபோல வரிசை வரிசையாக. (எனக்கு வாத்தியார் ஆசை உண்டு. அது நிறைவேறாதது தமிழ்நாட்டு மாணவர்களின் நல்ல நேரம்.) பிள்ளைகள் ஒருவர்கூட நாற்காலியில் உட்காரவில்லை. எல்லோரும் கேட்டுக்குள் கார் நிறுத்தும் இடத்தில், தரையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்கள். நான் மைதா மாவில் பசை காய்ச்சிக் கொண்டுவந்து, பாடம் நடத்தினேன்.

“நடுவுல உங்களுக்குப் புடிச்ச ஒரு படம். அதை வட்டமா வெட்டி ஒட்டோணும். சுத்தி வர காகிதப் பூ. அவ்வளவுதான்.”

மாதிரிக்கு நானே ஒன்று செய்து காட்டினேன். நடுவில் காளை, சுற்றிலும் சிவப்புப் பூ. காளை மாலை போட்டுக்கொண்டு அம்சமாக இருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது என்பதால் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஆபீசில் ஏதோ ஒரு சர்வர் படுத்துவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவன், அதை எழுப்பி உட்கார வைத்துவிட்டு வெளியே வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. பிள்ளைகள் வேலையை முடித்திருந்தார்கள். காளைகள், பானைகள், கிளிகள் எல்லாம் பூ வளையத்துக்குள் உட்கார்ந்திருந்தன. யாழினி செய்தது மட்டும் முறத்தளவு பெரியது. அதைக் குப்புறப் போட்டுப் பசை காய வைத்திருந்தாள். முதுகுப் பக்கம் கரும்பும் கிளியும் ஒட்டியிருந்தன.

“இது சர்ப்ரைஸுப்பா. நீங்க இந்தப் பக்கந்தான் பாக்கோணும். தாத்தா வந்து அந்தப் பக்கம் பாக்கட்டும்.”

பிள்ளைகளின் கற்பனைக்குக் குறுக்கே பெற்றோர் நிற்கக்கூடாது என்று எங்கோ படித்திருந்தேன். எனவே திருப்பிப் பார்க்காமல், அப்படியே தூக்கி, கேட்டின் நடுக்கம்பியில் உள்ளிருந்தபடியே கட்டினேன். போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய சீரியல் பல்பு மீதி இருந்தது. அதை யாழினியின் வட்டத்தைச் சுற்றி ஓடவிட்டேன். மைதா பசை வாசத்துக்கு ஈ மொய்த்தது. ஒரு கொத்து ஊதுபத்தியைக் கொளுத்தி, அடியில் செருகி வைத்தேன். வேலை முடிந்த திருப்தியில் பிள்ளைகள் ஐஸ் வாங்க ஓடிவிட்டார்கள்.

தெருப்பக்கம் என்ன தெரிந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்கு ஏன் மறைக்க வேண்டும்? நடுவில் வெங்கிடுசாமி ஐயாவின் படம். அந்த வருடத்து அட்டை வழக்கத்தைவிடப் பெரிது. நெற்றியில் யாழினி பூஜை அறையிலிருந்து எடுத்து வைத்த சந்தனமும் குங்குமமும். சுற்றிலும் அடர்த்தியாகக் காகித மாலை. மாலையைச் சுற்றி மினுக்மினுக்கென்று சீரியல் பல்பு. அடியில் புகையும் ஊதுபத்தி. எதிரே சாமியானா, அதன் கீழ் வரிசையாகக் காலி நாற்காலிகள். நம்மூரில் இதைப் பார்த்தால் யாருக்கும் ஒரே அர்த்தம்தான். அதைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும் என்று எழுத வந்தேன். ஆனால் செய்ததே சின்னக் குழந்தைதான்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் டி.வி.எஸ். வண்டியில் போனவர் பிரேக் போட்டு நின்றார். செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு கையையும் கூப்பினார். கேட்டுக்கு உள்ளே நின்ற நான், கலைக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் மக்கள் கோயமுத்தூரைத் தவிர எங்கே இருக்கிறார்கள் என்று நெகிழ்ந்து போனேன்.

“எல்லாம் முறையாப் பண்ணிப்போட்டீங்க தம்பி” என்றார் அவர்.

“பசங்க எல்லாம் சேந்து செஞ்சதுங்க. நம்மளுது என்னங்க இருக்குது.”

அவர் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வெயிலுக்கு உட்காருகிறார் என்று நினைத்து உள்ளே நின்றபடியே ஒரு சொம்பு தண்ணீரைக் கேட்டுக்கு மேலாக நீட்டினேன். அதையும் அவர் முறை என்றே எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஐந்தாறு பேர். எல்லோரும் கை கூப்பினார்கள். யாரும் சிரிக்கவில்லை. இவ்வளவு பேர் சத்தமில்லாமல் ரசிக்கிறார்களே என்று எனக்குப் பெருமையில் கண் நிறைந்தது. அதைப் பார்த்து ஒரு அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இதற்கிடையில் விஜயா அக்கா தன் மாடியிலிருந்து கேட்டைப் படம் பிடித்து, கை கூப்பும் பொம்மை ஒன்றையும் சேர்த்துத் தெரு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். தெருக் குழுவிலிருந்து அது மில்காரர்கள் குழுவுக்குப் போனது. அந்தக் குழுவெல்லாம் மில்லைவிட வேகமாக ஓடுகிறது.

சுமதி ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள். வளைகாப்பு வளையல் குலுங்க, பக்கத்துச் சின்ன வாசல் வழியாக உள்ளே வந்து, என் சட்டையைப் பிடித்தாள்.

“ஐயா எப்பங்க போனாரு?” குரல் உடைந்திருந்தது.

“எங்க போனாரு? சாயங்காலம் வர்றாரு.”

“அப்பறம் ஏனுங்க மாலை போட்டு ஊதுபத்தி பத்த வெச்சிருக்கறீங்க?”

சின்ன வாசல் வழியாக வெளியே ஓடிப் போய்ப் பார்த்தேன். ஐயா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பல்பு சிவப்பாக எரிந்தது, அப்புறம் பச்சையாக எரிந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்வாரா மாட்டாரா என்று ஒரு வாரமாகப் பயந்திருந்தவன், வீட்டுக்காரரையே காலி செய்து வைத்திருந்தேன்.

பாய்ந்து போய்ப் படத்தை அவிழ்க்கலாம் என்று கம்பியில் கை வைத்தேன். அதற்குள் பழனிச்சாமி வந்துவிட்டார். அவர் ஐயாவின் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறவர். தோளில் ஆளுயர ரோஜா மாலை. என் கையை ஆறுதலாக நகர்த்திவிட்டு, மாலையைக் காகித மாலை மேல் சாத்தினார். அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகிற மனிதரிடம், ஐயா சாகவில்லை, இது என் மகள் செய்த கைவேலை என்று எப்படி ஆரம்பிப்பது? இரண்டு தடவை “அது வந்துங்க” என்றேன். “நீங்க அழுவாதீங்க தம்பி, நமக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான்” என்று என்னைத் தேற்றினார். ஐயாவுக்குப் போன் போட்டேன். காரில் ஏறினால் அவர் போனை அணைத்துவிடுவார். அணைத்திருந்தது. அதாவது, கிளம்பிவிட்டார்.

நான் நிமிர்ந்து பார்த்தபோது ஐயாவின் வெள்ளை அம்பாசிடர் தெருமுனையில் நின்றிருந்தது. அவர் நடந்தே வந்து, கடைசி வரிசையில் ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஆளை யாரும் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவர் உதட்டின் மேல் விரலை வைத்து, கண்ணாலேயே என்னை அடக்கினார். பிறகு கைத்தடி மேல் தாடையை ஊன்றிக்கொண்டு, கச்சேரிக்கு வந்தவர்போலக் கேட்க ஆரம்பித்தார்.

“தங்கமான மனுசனுங்க” என்றார் முன்வரிசையில் ஒருவர்.

ஐயா தலையை ஆட்டினார்.

“கை மட்டும் கொஞ்சம் இறுக்கமுங்க. தீவாளிக்கு முறுக்குக் குடுத்தாக்கூட எண்ணித்தான் குடுப்பாரு.”

தலையாட்டல் நின்றது.

“போனவரைப் பத்தி அப்படிப் பேசக்கூடாதுங்க” என்றார் பழனிச்சாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கோவம் வந்தா மிசினு சத்தத்துக்கு மேல கத்துவாரு. நெம்ப வெய்வாரு. ஆனா என்ற சர்வீசுல ஒருத்தனக்கூட வெளிய போன்னு அவரு சொன்னதில்லீங்க. மில்ல விக்கறப்பக்கூட, எங்க அத்தன பேத்துக்கும் வேற மில்லுல வேல சொல்லி வெச்சுப்போட்டுத்தானுங்க சாவியக் குடுத்தாரு. இருக்கறவனக் கெளப்பி உடறது அவருக்குத் தெரியாத வேலைங்க.”

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. ஐயா கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அந்தச் சத்தம் மில் சங்குபோலக் கேட்டது. பழனிச்சாமி திரும்பிப் பார்த்தார்.

இங்கேதான் எங்கள் ஊர் மரியாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறு ஊராக இருந்தால் பேய் என்று அலறியிருப்பார்கள். பழனிச்சாமி சடாரென்று எழுந்து நின்றார்.

“வாங்க முதலாளி. ஏனுங்க பின்னாடி உக்காந்துட்டீங்க, முன்னாடி வந்து உக்காருங்க” என்றவர், படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். “நீங்க... நல்லாருக்கீங்ளா?”

“இந்நேரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன் பழனிச்சாமி. இனி நீங்கதான் சொல்லோணும்.”

அதன் பிறகு நடந்த களேபரத்தில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. சுமதி மட்டும் நிதானமாக இருந்தாள். உள்ளே போய்ப் பெரிய பாத்திரத்தில் காபி போட்டாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது அல்லவா, காபி வாசம் தெருவுக்கு வந்த பிறகுதான் பாதிக் கூட்டத்துக்கு நம்பிக்கையே வந்தது. முறுக்குப் பேச்சுப் பேசியவர் மட்டும் காபிக்கு நிற்காமல் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

“இதை யாரு செஞ்சது?” என்று கேட்டார் ஐயா, படத்தைக் கைத்தடியால் காட்டி.

ஐஸ் குச்சியோடு வந்து நின்ற யாழினி முன்னால் போனாள். அவள் வாயிலிருந்து என் பெயர் வந்துவிடக்கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது.

“நான்தானுங்க தாத்தா. பெரியவங்களுக்கு மாலை போடறதுதானுங்களே மரியாதை? ஸ்கூல்ல சீஃப் கெஸ்டுக்கெல்லாம் போடறாங்க. உங்களுக்குப் புடிக்கலீங்களா?”

அவர் அவள் தலையில் கை வைத்தார்.

“நெம்பப் புடிச்சிருக்குது கண்ணு. ஆனா உசுரோட இருக்கறவங்களுக்குக் கழுத்துல போடோணும். படத்துக்குப் போடக்கூடாது.” பிறகு மேஸ்திரியிடம் திரும்பி, “பழனிச்சாமி, காசு குடுத்து வாங்கியாந்துட்டே. எடுத்து இங்க போடு” என்று கழுத்தை நீட்டினார்.

பழனிச்சாமி ரோஜா மாலையைப் படத்திலிருந்து எடுத்து அவர் கழுத்தில் போட்டார். போடும்போது முன்னைவிட அதிகமாக அழுதார். சுமதியும் அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது. இந்தத் தடவை எதற்காக என்று தெரிந்தே நிறைந்தது.

கூட்டம் கலைந்த பிறகு, மாலையோடு எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்தார் ஐயா. சுமதி காபியை வைத்துவிட்டு, சுவரோரமாக நின்றாள்.

“பையனுக்கு ஊடு வேணும், தை மாசத்துக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்கன்னு சொல்லத்தான் அம்மணி வந்தேன்” என்றார் ஐயா, காபியை ஆற்றிக்கொண்டே. சுமதி என் கையைப் பிடித்தாள். “இப்ப எங்க சொல்றது? அத்தன பேத்துக்கு முன்னால, யாரையும் கெளப்பி உடாதவன்னு பேரு வாங்கிச் செத்துப்போட்டேன். பையன் ஏதாச்சும் அபார்ட்மெண்டு பாத்துக்கட்டும். நீங்க இருங்க.”

சுமதி அவர் காலில் விழுந்தாள். நானும் விழுந்தேன். விழுந்த வேகத்தில் டீப்பாயில் என் நெற்றி இடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

நாங்கள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். யாழினி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். ஐயாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. உயிரோடு இருக்கும்போதே செத்ததாகப் பேச்சுக் கிளம்பினால் ஆயுசு கெட்டி என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. முழங்கால் ஆபரேஷனுக்குப் போனபோதுகூட டாக்டரிடம், “ஒருக்கா ஆயாச்சுங்க, இனிமே பயமில்லை” என்றாராம். போன மழையில் எங்கள் சமையலறை மேல்தளம் ஒழுக ஆரம்பித்தது. சுவரில் வெள்ளையடித்தும் ரொம்ப நாளாகிறது. சுமதியின் நச்சரிப்புத் தாங்காமல் அவருக்குப் போன் செய்து, பக்குவமாக விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“ஏனுங்க தம்பி” என்றார் கடைசியில். “மாலை போட்டு, ஊதுபத்தி பத்த வெச்சு, ஊர் கூட்டி அனுப்பி உட்டீங்க. போய்ச் சேந்தவன்கிட்ட ஊடு ஒழுகுதுன்னு சொன்னா, அவன் என்னங்க பண்ணுவான்?”

போனை வைத்துவிட்டார். சமையலறையில் பாத்திரம் வைத்துத்தான் தண்ணீர் பிடிக்கிறோம்.